ஸ்டவுட்டில் சாக்லேட்: சில குறிப்புகள்

சாக்லேட் ஸ்டவுட் என்று பெயரிட்டு விற்கப்படுகிற கறுப்பு பீரில் பல சமயம் சாக்லேட் இருப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரியான உருளையில் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கருகும் முன் எடுத்துவிட்டால் அதற்குச் சாக்லேட் மால்ட் என்று பெயர். நிறத்தை வைத்து வந்த பெயர். கோக்கோ மரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் நாலு மணி எடுத்து வாயில் போட்டு மென்றால் சாக்லேட் ஞாபகம் வந்தே தீரும். ப்ரூக்ளின் ப்ரூவரிக்காகக் காரெட் ஆலிவர் 1994இல் செய்த 'பிளாக் சாக்லேட் ஸ்டவுட்' இந்த வகை. அதில் இருப்பதெல்லாம் தானியத்தின் வறுவல்தான். இங்கிலாந்தில் யங்ஸ் பெயரில் வருகிற 'டபுள் சாக்லேட் ஸ்டவுட்' வேறு வகை. அதில் சாக்லேட் மால்ட்டும் உண்டு, நிஜச் சாக்லேட்டும் உண்டு. இரண்டும் இருப்பதால் டபுள்.

ஆக, கறுப்பு பீருக்குள் சாக்லேட் வர இரண்டு வழிகள் இருக்கின்றன. தானியத்தை வறுத்து அதற்குள்ளிருந்தே வரவழைப்பது ஒன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து போடுவது மற்றொன்று. நான் எந்தக் கட்சி என்பது என் கட்டுரைகளை வாசித்திருக்கிற சிலருக்குத் தெரிந்திருக்கும். படிமம் என்பது சொல்ல வந்த அனுபவத்தின் உள்ளிருந்து சூடேறி வர வேண்டும், எழுதி முடித்த பிறகு மேலே தூவுகிற சமாச்சாரம் அல்ல என்று நான் எழுதி எட்டு வருஷம் ஆகிறது. ஒரு நண்பனின் முதல் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரை அது. அந்தத் தொகுப்பில் பாதிக் கவிதைகளில் நிலாவும் கத்தியும் கண்ணாடியும் பிறகு வந்து சேர்ந்தவை என்று தெளிவாகவே சொல்லியிருந்தேன். இப்போது எடுத்துப் படித்தாலும் அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. நண்பன் சண்டைக்கு வரவில்லை. ஒரு போஸ்ட் கார்டில் 'படித்தேன்' என்று மட்டும் எழுதினான். அடுத்த வருஷம் வேலை கிடைத்து இங்கிலாந்து போனான். அதன் பிறகு கவிதை எழுதவில்லை. என் மதிப்புரையால்தான் நிறுத்தினான் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது விமர்சகர்களுக்கே உரிய ஒரு ஆணவம். எழுதாமல் போவதற்கு மனிதர்களுக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு, அதில் விமர்சனம் ஆகக் கடைசி.

அவன் இப்போது பிரிஸ்டலில், பெட்மின்ஸ்டர் என்கிற பகுதியில், ஒரு வரிசை வீட்டில் இருக்கிறான். சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறு அறையில் பீர் காய்ச்சுகிறான். போன அக்டோபரில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனிடம் போயிருந்தேன். (வங்கியில் எழுத்தர் ஒருவர் மூன்று வாரம் விடுப்புக் கேட்டால் மேலாளர் முகம் போகிற போக்கைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) போவதற்கு முன் போனில் ஒரே ஒரு சாமான்தான் கேட்டான். தோட்டத்துக் கோக்கோ.

கோக்கோ என்றால் நம்மில் பலருக்குத் தகர டப்பாதான் ஞாபகம் வரும். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவே கோக்கோ நிற்பதை பஸ்ஸில் போகிறவர்கள் கவனிப்பதில்லை. நிழலில் வளர்கிற மரம். காய் கிளை நுனியில் தொங்காமல், பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். இந்தியாவில் காட்பரி 1965இல் கோக்கோ சாகுபடியைத் தொடங்கியது. இந்தப் பக்கம் அது தென்னையின் துணையாக வந்து சேர்ந்தது. எங்கள் கிளையின் பயிர்க்கடன் விண்ணப்பத்தில் அதற்கு இடம் 'ஊடுபயிர்' என்கிற கட்டம். நண்பனின் அப்பாவிடம் அப்படி ஊடுபயிராக நூற்றுச் சொச்சம் மரங்கள் இருந்தன. முதலில் ஈர விதையாகவே எடை போட்டு விற்றுக்கொண்டிருந்தவர், கடைசிச் சில வருஷங்களில் தானே புளிக்கவைத்துக் காயவைக்கத் தொடங்கினார். 2021 மே மாதம் காலமானார். இங்கிலாந்து இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் வைத்திருந்த நேரம். நண்பன் வர முடியவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தோட்டத்துக்கு நான்தான் போனேன். நண்பனின் அம்மா ஒரு கிலோ காய்ந்த விதையைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். 'சின்னதுல பழத்தச் சப்பிட்டுக் கொட்டையத் துப்பிருவான் சாமி, அதுக்கு அவுங்கப்பங்கிட்ட அடி வாங்குவான்' என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயை உடைத்தால் உள்ளே விதைகளை மூடிக்கொண்டு வெள்ளைச் சதை இருக்கும். இனிப்பும் புளிப்புமாக, ஏறக்குறைய மங்குஸ்தான் மாதிரி. விதையைப் பச்சையாகக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட்டின் சாயல்கூட இருக்காது. சதையோடு சேர்த்து விதைகளைப் பெட்டியில் குவித்து வாழையிலை போட்டு மூடி வைக்கிறார்கள். முதலில் காற்றிலுள்ள ஈஸ்ட் சதையின் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. பிறகு பாக்டீரியாக்கள் வந்து அந்தச் சாராயத்தைப் புளிக்காடியாக்குகின்றன. குவியலின் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். விதை முளைக்கும் சக்தியை இழப்பது அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான். விதை செத்த பிறகுதான் அதற்குள் சாக்லேட்டுக்கான மூலப்பொருள்கள் உண்டாகின்றன. இடையில் இரண்டு தடவை கிளறிவிட்டு, ஆறாம் நாள் எடுத்து வெயிலில் போடுகிறார்கள். இவ்வளவும் நடந்த பிறகும் அதில் சாக்லேட் இல்லை. வறுத்தால்தான் வரும்.

ஹோண்டுராஸில் புவெர்ட்டோ எஸ்கோண்டிடோ என்கிற இடத்தில் தோண்டி எடுத்த பானைச் சில்லுகளில் கோக்கோவின் தடயம் இருந்ததை 2007இல் வெளியிட்டார்கள். கி.மு. 1100 வாக்கில் உள்ள பானைகள். அந்தக் காலத்தில் அவர்கள் குடித்தது விதையை அரைத்த சாக்லேட்டாக இருக்காது, சதையைப் புளிக்கவைத்த ஒருவிதக் கள்ளாக இருக்கும் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் ஊகம். அது சரியானால், மனிதன் கோக்கோவிடம் முதலில் போனது போதைக்காக, விதையை மிச்சமாக எண்ணித் துப்பியிருப்பான், என் நண்பன் துப்பியது போல. சாக்லேட் பின்னால் வந்தது. பீரில் கோக்கோவைப் போடுவது இப்போதைய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இந்தச் செய்தி சற்று அசௌகரியமாகவே இருந்தது.

விதையை என் வீட்டில் இரும்பு வாணலியில் சிறு தீயில் வறுத்தேன். இருபத்தைந்து நிமிஷம். பொரிகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் இறக்கி, ஆறவிட்டு, பூரிக்கட்டையால் உடைத்தோம். அம்மா மொட்டைமாடியில் உட்கார்ந்து முறத்தில் புடைத்துத் தோலை ஓட்டினாள். முறத்தில் மிஞ்சிய பழுப்புக் குருணைக்குத்தான் அங்கே நிப்ஸ் என்று பெயர். சின்னக் கண்ணாடி ஜாடியில் அடைத்து அநியாய விலைக்கு விற்கிறார்கள். ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 800 கிராம் தேறியது. அரைக் கிலோவைக் கொண்டுபோனேன்.

பிரிஸ்டலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏற்றமும் இறக்கமுமான ஊர், ஓயாத தூறல். 1847இல் ஃப்ரை கம்பெனி, அச்சில் வார்த்துக் கடித்துத் தின்கிற சாக்லேட்டை முதன்முதலாகச் செய்தது அங்கேதான். அதற்கு முன் சாக்லேட் என்றால் குடிப்பது. யூனியன் தெருவில் தொழிற்சாலை இருந்த பக்கம் நண்பன் கூட்டிப்போனான், இப்போது கடைகள். பிறகு கெய்ன்ஷாமுக்கு மாற்றிய தொழிற்சாலையையும் 2011இல் மூடிவிட்டார்கள். அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் அது என்பதையும், 2020இல் கோல்ஸ்டனின் சிலையைக் கவிழ்த்து உருட்டிப்போய்த் தண்ணீரில் தள்ளியதையும் எல்லோரும் அறிவார்கள். சர்க்கரையும் கோக்கோவும் யார் முதுகின் மேல் ஏறி அந்த ஊருக்கு வந்தன என்பது சாக்லேட்டைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடக்கூடியதல்ல. நண்பன் அங்கே ஒன்றும் பேசவில்லை. அந்த மேடையில் இப்போது சிலை இல்லை என்பதை மட்டும் காட்டினான்.

வீட்டில் பீர் காய்ச்ச அங்கே தடையில்லை. 1880லிருந்து உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் அதையும் எடுத்துவிட்டார்கள். விற்கக்கூடாது, அவ்வளவுதான். நம் ஊரில் இதே காரியத்துக்கு 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி போலீஸ் வரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பீர் பத்து நாள் புளித்து அடங்கியிருந்தது. 20 லிட்டர். வெளிர் மால்ட் 4 கிலோவுக்குச் சற்று மேல், ஓட்ஸ் அரைக் கிலோ, சாக்லேட் மால்ட் 350 கிராம், வறுத்த பார்லி 200 கிராம். ஐந்து சதம் சாராயம் இருக்கும் என்று ஹைட்ராமீட்டரைப் பார்த்துச் சொன்னான். இரண்டு வாளிகளாகப் பத்துப் பத்து லிட்டர் பிரித்தான். ஒன்று அப்படியே இருக்கும். மற்றதில் தோட்டத்துக் குருணை 100 கிராம். இப்படிப் பிரித்தது எனக்காகத்தான் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

காய்ச்சும்போதே ஏன் போடக்கூடாது என்று கேட்டேன். போடலாம், ஆனால் கொதியில் வாசனை ஆவியோடு போய்விடும், புளிக்கும்போது வெளியேறுகிற வாயுவோடு மிச்சமும் போய்விடும், கடைசியில் கசப்பு மட்டும் நிற்கும். கோக்கோப் பொடியானால் அடியில் சேறாகத் தங்கும். கடையில் விற்கிற சாக்லேட் கட்டியைப் போட்டால் கொழுப்பு நுரையைக் கொன்றுவிடும். குருணையிலும் எடையில் பாதி கொழுப்புத்தான். ஆனால் பொடிக்காமல், சூடேற்றாமல் போட்டால் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் குருணைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஆகவே எல்லாம் முடிந்து, ஈஸ்ட் அடங்கிய பிறகுதான் போட வேண்டும். அதற்கு முன் மூன்று நாள் ஓட்காவில் ஊறவைத்தான். கிருமி சாகவும் வாசனை இறங்கவும். பிறகு வடித்த ஓட்காவை உறைபெட்டியில் வைத்தபோது மேலே மெல்லிய ஏடு கட்டியது. அந்த ஏட்டை எடுத்து எறிந்துவிட்டு, ஓட்காவை வாளியில் ஊற்றினான். குருணையை வெந்நீரில் கொதிக்கவைத்த துணிப்பையில் கட்டி, உள்ளே இரண்டு எவர்சில்வர் கரண்டி கனத்துக்கு வைத்து முக்கினான்.

அந்த மூன்று நாளும் எங்களுக்குள் விவாதம். தானியம் தன் வறுவலிலிருந்து கொடுக்கிற சாக்லேட்டே போதுமானது, இது மேல்பூச்சு என்றேன். மதிப்புரையின் வாசகங்களையே மறுபடி சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அவன் 1816க்குப் போனான். அந்த வருஷம் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது: மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக்கூடாது. அதற்கு முன் லண்டன்காரர்கள் போர்ட்டரின் கறுப்புக்குக் கருக்கிய சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்ததும் நிறத்துக்கு வழியில்லை. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கறுப்பு மால்ட். அதுவும் மால்ட்தான் என்பதால் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரும்பங்கு வெளிர் மால்ட், அதில் ஒரு பிடி கறுப்பு. போர்ட்டரும் ஸ்டவுட்டும் அப்படி மாறின.

'நீ உள்ளிருந்து வர்றதுங்கற கறுப்பு இருக்கே, அதுவே சாயத்துக்குப் போட்டதுதாண்டா' என்றான். 'சட்டத்தக் கண்டு பயந்து தானியத்துக்குச் சாயம் பூசத் தெரிஞ்சுக்கிட்டாங்க. எரநூறு வருசமாச்சு, இப்ப அதுக்குப் பேரு மரபு.'

இது நல்ல அடி. ஆனால் பதில் இருக்கிறது. தோன்றிய காரணம் வேறு, தொழிற்படுகிற விதம் வேறு. சாயத்துக்காக வந்த கறுப்பு மால்ட் பீரின் சுவையையும் கனத்தையும் சேர்த்தே மாற்றிவிட்டது. சாயமாக மட்டும் நிற்க அது மறுத்தது. அவன் கவிதைகளில் நிலா அப்படி எதையும் மாற்றவில்லை. இதையும் சொன்னேன். எட்டு வருஷத்தில் அந்தத் தொகுப்பைப் பற்றி நாங்கள் நேருக்கு நேர் பேசியது அந்த இரவுதான். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். 'அது சரிதான்' என்றான், திரும்பாமலே. தொடர்ந்து, கோக்கோ வறுபடும்போது உண்டாகிற பைரசீன் வகைச் சேர்மங்கள் பார்லி வறுபடும்போதும் உண்டாகின்றன என்றான். மால்ட்டைக் கடித்தால் சாக்லேட் ஞாபகம் வருவது மனப்பிரமை அல்ல. தீயில் போட்டால் இரண்டும் பாதி தூரம் ஒரே வழியில் நடக்கின்றன. அதனால்தான் வெளிர் பீரில் கோக்கோவைப் போட்டால் ஒட்டாமல் நிற்கிறது, ஸ்டவுட்டில் போட்டால் போய் உட்கார இடம் இருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குருணை போட்ட பிறகு தினம் இரவு ஒரு சின்னக் கிளாஸ் எடுத்துப் பார்த்தோம். வாயு ஏறாத தட்டைப் பீர். குடிப்பதற்கு அப்படி ஒன்றும் சுகமில்லை. முதல் நாள் ஓட்காவின் காரம் தவிர எதுவும் இல்லை. மூன்றாம் நாள் மூக்கில் கோக்கோ வந்தது, நாக்கில் வரவில்லை. இந்த இடத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சாக்லேட் என்று நாம் எதை நினைத்துக்கொண்டிருக்கிறோமோ அதில் பெரும்பகுதி சர்க்கரையும் பாலும். குருணையில் அவை இல்லை. பீரில் இருந்த சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது. ஆக மூக்கு வாக்குக் கொடுக்கிறது, நாக்கு கைவிரிக்கிறது. இதைச் சமாளிக்கத்தான் பலர் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பால் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். வனிலாவைப் போட்டு இல்லாத இனிப்பை இருப்பதாக நம்பவைக்கிறார்கள். நண்பனிடம் வனிலாக் காய் இரண்டு தயாராக இருந்தது. வெளியே எடுத்து முகர்ந்தான். மறுபடி டப்பாவில் போட்டு மூடிவிட்டான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் சேர்ந்தது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. வறுத்த பார்லியின் கரகரப்புக்குக் கீழே ஒரு அகலமான தளம் வந்து அமைந்தது. சாக்லேட் என்று தனியாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் குருணை போடாத வாளியிலிருந்து எடுத்ததை அடுத்துக் குடித்தால், அது ஒல்லியாகத் தெரிந்தது. பையை அன்றே எடுத்துவிடலாம் என்றேன். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றான் அவன். ஆறாம் நாள் பின்நாக்கில் லேசாகப் பாக்கின் துவர்ப்பு. ஏழாம் நாள் காலையில் வேலைக்குப் போகுமுன் தானே பையைத் தூக்கிப் பிழியாமல் எடுத்து வைத்திருந்தான். பிழிந்தால் கசப்பு இறங்கிவிடும். அந்தக் குருணையை வாயில் போட்டுப் பார்த்தேன். ஊறிப்போன மரத்தூள்.

பை எடுத்த அன்று மாலை லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தோம். ஒவ்வொரு வாளியிலும் பதினெட்டு அரை லிட்டர்ப் பாட்டில்கள். வாயு ஏற இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது.

ஜனவரியில் நண்பனிடமிருந்து கடிதம் வந்தது. தபாலில், பேனாவால் எழுதியது. குருணை போடாததில் நுரை கடைசி மடக்கு வரை நிற்கிறது. போட்டதில் வந்த வேகத்தில் இறங்கிவிடுகிறது, எவ்வளவு ஏடு எடுத்தும் கொழுப்புத் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று எழுதியிருந்தான். போடாததுதான் நல்ல பீர் என்பதில் சந்தேகமில்லை, நண்பர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த பாராவில் இது: 'மற்றது பன்னிரண்டு பாட்டில் மிச்சம். மூணாவது மடக்கில் சாக்லேட்டுக்குப் பின்னால ஒரு புளிச்ச வாசனை வருது. பெட்டியத் திறந்து அப்பா கிளறுகிற அன்னைக்கு வீடு பூரா இருக்கும். அம்மா திட்டும். ஜன்னலச் சாத்தச் சொல்லும்.'

இந்த வரிகளைப் பலமுறை படித்தேன். நான் இந்த இதழுக்குக் கேட்டு எழுதினால் அவன் சம்மதிக்க மாட்டான். அதனால் கேட்காமல், ஒரு நண்பன் கடிதத்தில் எழுதியது என்ற அளவில் இங்கே எடுத்துப் போட்டிருக்கிறேன். கடிதத்தின் அடியில் இன்னும் அரைக் கிலோ வேண்டும் என்று கேட்டிருந்தான். இந்தத் தடவை வறுக்காமல் அனுப்பு, நானே வறுத்துக்கொள்கிறேன் என்று. அவன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பெட்டியில் நாலாம் நாள் ஆகிறதாம்.